கண் ஏறி இறங்கும் வீடு

சென்னையில் யாருடைய ஃபிளாட்டுக்குப் போனாலும், ஹாலில் உட்கார்ந்த சற்று நேரத்தில் என் கண் உயரங்களை அளக்கத் தொடங்கிவிடும். சோபாவின் முதுகு 3 அடிக்குள் முடிந்துவிடுகிறது. டிவி வைத்திருக்கும் பெட்டி ஒன்றரை அடி. டீப்பாய் அதைவிடத் தணிவு. செருப்பு அலமாரி 3 அடி. அதற்கு மேல் பார்த்தால், கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே ஓடும் லிண்டல் மட்டத்தில், 7 அடியில் அடுத்த கூட்டம்: திரைச்சீலைக் கம்பி, சுவர்க் கடிகாரம், ஏசி, ட்யூப்லைட், மாலை போட்ட தாத்தா பாட்டி படங்கள். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே 4 அடி உயரத்துக்கு, அறையைச் சுற்றிலும், வெறும் பெயின்ட்.

உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடியில் இருக்கிறது. நிற்பவரின் கண் 5 அடியை ஒட்டி இருக்கிறது. ஆக, மனிதர்கள் உண்மையில் பார்க்கிற பட்டைதான் காலியாகக் கிடக்கிறது. பொருள்கள் எல்லாம் காலடியிலும் தலைக்கு மேலும் குவிந்திருக்கின்றன. நிறையச் செலவழித்துக் குடிபுகுந்தவர்கள்கூட "ஏதோ குறைகிறதே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உடனே புது சோபா வாங்கலாமா, சுவரின் நிறத்தை மாற்றலாமா என்று பேச்சு போகும். எனக்கு அந்த வீடுகளில் பொருளோ நிறமோ குறைவதாகத் தோன்றியதில்லை. கண் ஏறவும் இறங்கவும் வழி இல்லை, அவ்வளவுதான். எல்லா அறைகளுக்கும் ஒரே தரை, ஒரே கூரை, ஒரே தட்டைச் சுவர்.

நம் பழைய வீடுகள் இப்படித் தட்டையாக இருந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். காவிரிக் கரை ஊர்களின் பழைய ஓட்டு வீடு ஒன்றுக்குள் நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறினால் திண்ணை. அது இரண்டு, இரண்டரை அடி உயரம். அதில் உட்கார்ந்தவரின் கண்ணும் தெருவில் நிற்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். யாரும் யாரையும் அண்ணாந்து பார்க்காமல் மணிக்கணக்கில் பேசலாம். திண்ணையின் ஒரு கோடியில், தலை வைத்துப் படுப்பதற்காகக் காரையாலேயே ஒரு சாய்வு கட்டியிருப்பார்கள். வழிப்போக்கனுக்குத் தலையணையையும் சேர்த்துக் கட்டிவைத்த வீடுகள் அவை.

திண்ணையைத் தாண்டினால் நிலைவாசல். தலை குனிய வேண்டும், காலைத் தூக்கி வைக்க வேண்டும். உள்ளே ரேழி: ஒடுக்கமான, அரையிருட்டான நடை. அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றாது. நான்கு எட்டு வைத்ததும் கூடம் விரியும், நடுவில் முற்றம், மேலே வானம். ரேழியின் இறுக்கம் இருந்ததால்தான் கூடத்தின் வெளிச்சம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் தம் வீடுகளில் வாசல் பகுதியைத் தணித்து இறுக்கிவிட்டுப் பிறகு கூடத்தைத் திறந்துவிடுவார் என்று கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ரேழியைக் கட்டிய கொத்தனாருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

முற்றம் கூடத்தைவிட ஒரு படி கீழே. மழைத் தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்கத்தான் அந்தத் தாழ்வு. ஆனால் அந்த விளிம்புதான் வீட்டிலேயே அதிகம் உட்காரும் இடம். காலை முற்றத்தில் தொங்கவிட்டுக் காய் நறுக்குவதும், தலை வாருவதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஈரத்தோடு தூக்கி விளிம்பில் நிறுத்துவதும் அங்கேதான். தாழ்வாரத்தின் ஓட்டுக் கூரை சுவர்ப் பக்கம் உயரமாகத் தொடங்கி முற்றத்தின் பக்கம் ஆள் உயரத்துக்கு இறங்கியிருக்கும். ஒரே தாழ்வாரத்தில் சுவரோரம் நின்றால் ஓர் உயரம், முற்றத்தோரம் வந்தால் வேறோர் உயரம். உத்தரத்திலிருந்து ஊஞ்சல் தொங்கும், அடுக்களையில் உறி தொங்கும், மேலே பரண் இருக்கும், அறைக்குள் ஆளைவிடப் பெரிதாக நெல் கொட்டும் பத்தாயம் நிற்கும்.

காரைக்குடிப் பக்கம் போனால் இதே இலக்கணம் பெரிய அளவில் எழுதப்பட்டிருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு தெருவில் நிலைவாசலுக்கு வெளியே நின்று பார்த்தால், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று கதவுக்குள் கதவாகப் பார்வை பின்தெருப் பக்கம் வரை ஓடும். வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும். சுவர்களைக் கவனியுங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. கை வைத்தால் சில்லென்று இருக்கும், வெளிச்சம் பட்டால் மெல்ல மின்னும். பல வீடுகளில் இடுப்பளவுக்கு வெளிநாட்டுப் பூ ஓடுகள் பதித்திருப்பார்கள். அதற்கு மேல் வெறும் வெண்மை. அதற்கும் மேலே, கூரையை ஒட்டி, பர்மாத் தேக்கின் கருமை. ஒரே சுவரில் மூன்று உயரங்கள், மூன்று தொடுகைகள். அலங்காரப் பொருள் என்று தனியாக எதையும் வாங்கி வைக்க அந்தச் சுவர் கேட்கவில்லை.

இதெல்லாம் போனதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட் கூரை வந்தது, மனை விலை ஏறியது, வீட்டின் மேல் வீடு அடுக்க வேண்டியிருந்தது. வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது 9 அடிக்குச் சற்று மேல். அந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டிய உயரத்தையே கட்டுமானக்காரர்கள் எல்லா அறைகளுக்கும் அளவாக எடுத்துக்கொண்டார்கள். படுக்கையறையும் ஹாலும் நடையும் ஒரே உயரம். கூரையைத் தாங்குவது தூணும் உத்தரமும் என்று ஆனதும் சுவர் மெலிந்தது; ஒன்றரை அடிச் சுவர் போய் உள்சுவர்கள் நாலரை அங்குலமாயின. விளக்கு மாடம் வைக்கச் சுவருக்குள் இடமே இல்லாமல் போயிற்று.

தரை ஒரே மட்டமானதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. என் அம்மாவுக்கு மூட்டு வலி. பழைய வீட்டு நிலைவாசற்படியைத் தாண்டுவதற்கு அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டுக்குள் உயரங்களை மாற்றுவது பற்றி யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது: தரையைத் தொடாதீர்கள். ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே 3 அங்குலம் உயர்த்தி ஒரு மேடை போடுவது சில வருடங்களாகப் பழக்கத்தில் இருக்கிறது. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒற்றைச் சிறு படிதான் படிகளிலேயே ஆபத்தானது. கண்ணில் படாது, கால் எதிர்பார்க்காது. தட்டோடு சாம்பார் கிண்ணம் எடுத்து வருகிறவர் தடுக்கி விழுவது அங்கேதான். படி என்று இருந்தால் அது 6, 7 அங்குலமாவது இருந்து, நிறமும் மாறித் தெளிவாகத் தெரிய வேண்டும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

தரை மட்டமாகவே இருக்கட்டும். கணுக்காலுக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் மாற்றுவோம். இருக்கை, சுவர், விளக்கு, கூரை என்று மாற்றுவதற்கு எவ்வளவோ இருக்கிறது.

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் இதையே வாழ்நாள் முழுக்கச் சிந்தித்தார். வீட்டைத் தளம் தளமாக வரைவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வோர் அறைக்கும் அதன் பயனுக்கு ஏற்ற உயரம் வேண்டும், அந்த உயரங்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. பிராகில் 1930-இல் முடிந்த முல்லர் வீட்டில் வரவேற்புக் கூடம் உயரமானது. சாப்பாட்டு அறை அதைவிடச் சில படிகள் மேலே, தணிந்த கூரையோடு, கூடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. வீட்டுப் பெண்ணுக்கான சிறிய அறையிலிருந்து கூடத்தைப் பார்க்க உள்ஜன்னல் ஒன்று. பலர் கூடும் இடம் உயர்ந்தும், இரண்டு பேர் பேசும் இடம் தணிந்தும் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் ஃபிளாட்டுக்கும் பொருந்தும். கூரையை உயர்த்த நம்மால் முடியாது. சில இடங்களில் தணிக்க முடியும்.

இங்கேதான் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை. ஹால் முழுக்க ஜிப்சம் பலகையை இறக்கி, நாலு பக்கமும் நீல விளக்கு ஓடவிட்டு, இருக்கிற ஒன்பதரை அடியையும் 9 அடிக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். மின்விசிறிக்கும் கூரைக்கும் இடையே ஓரடி இடைவெளியாவது இருந்தால்தான் காற்று நன்றாக வரும். கூரையை இறக்கினால் விசிறியும் இறங்கும், அறை மேலும் குள்ளமாகும். நான் சொல்வது எளிது. வாசலுக்கு உள்ளே செருப்பு கழற்றும் நாலடி இடத்தை மட்டும் 8 அடிக்குத் தணியுங்கள். அந்தப் பகுதியின் சுவரையும் கூரையையும் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் பூசுங்கள். ஹாலின் கூரையை அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே வருகிறவர் தணிந்த நிழலிலிருந்து வெளிச்சத்துக்குள் வருவார். அதே ஹால் ஓரடி வளர்ந்ததுபோல் தெரியும். ரேழியைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவுதான் வேண்டும். வாசலில் உத்தரம் குறுக்கே ஓடும் வீடுகளில் இது இன்னும் எளிது, அந்த உத்தரத்தின் அடிமட்டத்துக்குக் கூரையை இறக்கினால் போதும்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே கூரையைத் தணிக்கத் தேவையே இல்லை. ஒரு தொங்கு விளக்கு அந்த வேலையைச் செய்துவிடும். மேசைப் பலகையிலிருந்து இரண்டரை அடி மேலே விளக்கின் அடி இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்தவரின் முகத்தை மறைக்காது, கண்ணிலும் குத்தாது. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டால், மேசையைச் சுற்றித் தனியாக ஓர் அறை உண்டாகும். கூரையில் ஒட்டிய ஒற்றை எல்.இ.டி. பலகை எல்லாவற்றின் மீதும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கொட்டி உயர வித்தியாசங்களை எல்லாம் அழித்துவிடுகிறது. ஒரு ஹாலுக்கு மூன்று உயரங்களில் விளக்கு வேண்டும் என்பது என் கணக்கு: தலைக்கு மேலே ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று, உட்கார்ந்தால் முழங்கை மட்டத்தில் ஒன்று. மூன்றும் மஞ்சள் சாயல் கொண்ட 3000 கெல்வின் வகை பல்புகளாக இருக்கட்டும்.

இருக்கைக்கு வருகிறேன். திண்ணையை வீட்டுக்குள் கொண்டுவரச் சிறந்த இடம் ஜன்னலடி. பொதுவாக நம் ஜன்னல்கள் தரையிலிருந்து 3 அடியில் தொடங்குகின்றன. அதன் கீழே 18 அங்குல உயரத்தில், 20 அங்குல அகலத்தில், சுவருக்குச் சுவர் ஒரு பெட்டி அடித்தால் உள்ளே பாய் தலையணையும் போடலாம், மேலே உட்காரவும் செய்யலாம். 18 அங்குலம் என்பது யாரும் தடுக்கி விழாத உயரம். பார்த்ததும் அது இருக்கை என்று புரிந்துவிடும். மூட்டு வலிக்காரருக்கும் அதுவே வசதி, தணிந்த சோபாவிலிருந்து எழுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். ஒரு கோடியில் பழைய திண்ணையைப்போலச் சாய்வு ஒன்று வையுங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: மேடை வந்துவிட்டால் குழந்தைகள் அதன் மேல் ஏறி நிற்பார்கள். ஜன்னலுக்கு முழு உயரத்துக்கும் கம்பி இருக்க வேண்டும். பாதிக் கம்பி போதாது.

அதற்கு எதிரே சோபாவைத் தவிர்த்து ஓரடி உயரத் திவான், பக்கத்தில் கூரை வரை எழும்பும் புத்தக அலமாரி என்று வைத்துப் பாருங்கள். ஓரடி, ஒன்றரை அடி, ஒன்பதரை அடி. கண் அந்தப் படிக்கட்டில் தானாக ஏறும். ஏழடியோடு நின்றுபோகும் அலமாரிகள் எனக்குப் பிடிப்பதில்லை. மேலே எஞ்சும் இரண்டரை அடியில் அட்டைப்பெட்டிகளும் பழைய சூட்கேஸும் குடியேறி, அறையின் தலையில் பாரத்தை ஏற்றிவிடுகின்றன. அலமாரி கூரையைத் தொடட்டும், அல்லது இடுப்போடு நிற்கட்டும்.

இனிச் சுவர். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

மாடம் என்பது சுவரில் பொருள் வைக்கும் பள்ளம் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறோம். தட்டைச் சுவருக்கு ஆழம் தருவது அது. விளக்கு வைத்தால் வெளிச்சம் அந்தச் சிறு கூட்டுக்குள் தேங்கி நின்று மெல்ல வெளியே வழியும். காற்றிலிருந்து சுடரைக் காப்பாற்றும். வாசலின் இரு பக்கமும் மாடம் வைத்த வீட்டில் கார்த்திகைக்குத் தனியாக எந்த அலங்காரமும் தேவைப்பட்டதில்லை. பழைய மாடங்களின் மேற்பகுதி பெரும்பாலும் வளைவாகவோ முக்கோணமாகவோ கூம்பி இருக்கும். செங்கல் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் வடிவம் அது, சுடரின் வடிவமும் அதுவே. உள்ளே படிந்த கரியைச் சுண்ணாம்படித்து மறைத்தாலும் அடுத்த வருடம் மீண்டும் கறுத்துவிடும்.

எங்கள் ஃபிளாட்டின் வாசற்சுவரில் மாடம் வேண்டும் என்று நான் சொன்னபோது கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலரை அங்குலச் சுவரில் மாடம் வெட்டினால் அந்தப் பக்கம் பீரோ தெரியும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த அளவுச் சுவரை வெட்டவே கூடாது, மின்கம்பிக் குழாயும் உள்ளே ஓடும். புதிதாக எழும் உயரமான குடியிருப்புகள் பலவற்றில் சுவர் முழுவதையும் அலுமினிய அச்சில் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அங்கே கட்டடத்தைத் தாங்குவதே சுவர்கள்தான், உளி வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

உள்ளே வெட்ட முடியாவிட்டால் வெளியே தள்ளிக் கட்டலாம். வாசலை ஒட்டிய ஐந்தடிச் சுவர் முழுவதையும் தரையிலிருந்து கூரை வரை பிளைவுட்டால் 7 அங்குலம் முன்னால் கொண்டுவந்தோம். அந்தத் தடிமனுக்குள் மாடங்கள். சுவர் முழுதுமே முன்னே வந்ததால் அது பெட்டி என்று யாருக்கும் தெரியாது. பழைய வீட்டுப் பருத்த சுவராகவே தெரிகிறது. அரை அடியை நடையில் இழந்தோம், உண்மைதான். நடையின் அகலம் மூன்றரை அடிக்குக் கீழே போகாதவரை இதைத் தயங்காமல் செய்யலாம்.

மாடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் ஆசாரிக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. மூன்றையும் ஒரே அளவில், ஒரே வரிசையில் வைக்கலாம் என்றார் அவர். "சமமாக இருந்தால்தானே அக்கா பார்க்கக் கச்சிதமாக இருக்கும்?" நான் பழைய செய்தித்தாள்களை மூன்று அளவுகளில் வெட்டி, சுவரில் டேப்பால் ஒட்டினேன். உட்கார்ந்து பார்த்தோம், கதவைத் திறந்து உள்ளே வந்து பார்த்தோம், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தோம். கடைசியில் நிலைத்தது இது: உட்கார்ந்து செருப்பு மாட்டவும் பையை வைக்கவும் ஒன்றரை அடி உயரத்தில் அகலமான ஒரு பள்ளம்; அதற்கு மேல் நாலேகால் அடியில், இடப்பக்கம் ஒதுங்கி, விளக்குக்கான வளைவு மாடம்; வலப்பக்கம் 6 அடியில் சிறிய சதுரம் ஒன்று, அதில் ஒரு மண் குடுவை மட்டும். காகிதம் ஒட்டிப் பார்க்கும் இந்த வேலைக்குக் காசு செலவில்லை. எந்தச் சுவரில் எதை மாட்டுவதற்கு முன்னும் இதைச் செய்யுங்கள். படம் வரைந்து காட்டும் மென்பொருளைவிட இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் காலை வெயிலும் மாலை நிழலும் அந்தக் காகிதத்தின் மேல் விழுவதைப் பார்க்கலாம்.

மாடத்துக்குள் விளக்குப் பட்டையை எங்கே பதிப்பது என்பதும் முக்கியம். பின்சுவரில் பதித்தால் பட்டை நேராகக் கண்ணில் அடிக்கும். மேல்விளிம்பின் முன்பக்க உதட்டுக்கு உள்ளே, பின்சுவரைப் பார்த்தபடி பதிக்க வேண்டும். அப்போது விளக்கு தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். உட்புறத்துக்குச் சுவரைவிட அடர்ந்த நிறம் பூசுங்கள். நாங்கள் காவி பூசினோம். ஆழம் இன்னும் கூடித் தெரிகிறது. எண்ணெய் விளக்கு ஏற்றுவதாக இருந்தால் பிளைவுட்டை நம்பக் கூடாது. அடியிலும் பின்னாலும் மேலேயும் கடப்பைக் கல்லோ கிரானைட்டோ பதித்து, சுடருக்கு மேல் ஒன்றரை அடி இடம் விட்டு, ஆள் இருக்கும்போது மட்டுமே ஏற்ற வேண்டும்.

சுவரின் தொடுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, மேலிருந்து கீழே வழியும்படி ஒரு விளக்கை வைத்தால் அதன் ஒவ்வொரு மேடு பள்ளமும் எழுந்து நிற்கும். சொரசொரப்பான சுண்ணாம்புப் பூச்சுக்கும், பூசாத செங்கலுக்கும், துளைகள் கொண்ட சுடுமண் ஜாலிக்கும் இது உயிர் கொடுக்கும். அரைகுறையாகப் பூசிப் பட்டி பார்த்த சுவரில் அதே வெளிச்சம் கரணை போன இடங்களை எல்லாம் காட்டிக்கொடுக்கும். அதனால் பக்கவாட்டு வெளிச்சம் விழும் சுவரை ஒன்று வேண்டுமென்றே கரடுமுரடாக விடுங்கள், இல்லையென்றால் மிக நல்ல கையிடம் பூசக் கொடுங்கள். மேற்கு ஜன்னலை ஒட்டிய சுவர் எது என்று பாருங்கள். மாலை வெயில் அதன் மேல் சாய்வாக விழும். செலவு செய்வதானால் அந்தச் சுவரில் செய்யுங்கள்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்தது இதுதான். பிர்மிங்காமில் 1917-இல் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்தவர். பூசாத செங்கல்லையே சுவராகவும் ஜன்னலாகவும் இருக்கையாகவும் மாற்றினார். செங்கல்லுக்கு இடையே துளை விட்டு அடுக்கிய ஜாலிச் சுவரில் வெளிச்சம் நூறு சிறு சதுரங்களாக உள்ளே விழும். வெயில் நகர நகர அவையும் தரையில் நகரும். ஒரு மூலை வீணாகப் போகும் என்றால் அங்கே கட்டையாக ஒரு மேடை கட்டி உட்கார வைத்துவிடுவார். திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் தம் சொந்த வீட்டைப் பாறைச் சரிவைச் சமன்செய்யாமல் அதன் போக்கிலேயே கட்டினார். சுவருக்குத் தனி அலங்காரம் தேவையில்லை, சுவரைக் கட்டும் விதத்திலேயே அது வர வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

இதனால்தான் செங்கல் படம் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெயில் சாய்ந்து விழும்போது உண்மைச் செங்கல்லின் நிழல் ஒரு பக்கமும், அச்சடித்த நிழல் இன்னொரு பக்கமும் இருக்கும். சென்னையின் ஈரத்தில் தாளின் ஓரம் சீக்கிரமே உரியவும் செய்யும். வெளிச்சுவரில் உட்பக்கமாகக் கல் பட்டைகளை ஒட்டுகிறவர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லுக்குப் பின்னால் ஓதம் ஏறினால் பல மாதங்கள் வெளியே தெரியாது.

பெயின்டாலேயே சுவருக்கு உயரம் தரலாம். நம் பள்ளிக்கூடங்களிலும் பழைய வீடுகளிலும் நாலடி வரை அடர்ந்த எண்ணெய்ப் பூச்சும் மேலே வெள்ளையும் இருந்ததற்குக் காரணம் உண்டு: எண்ணெய் வைத்த தலைகள் சாயும் உயரம் அதுதான், துடைத்தால் போய்விடும். அதே உத்தியைக் கொஞ்சம் மாற்றுங்கள். அடர்ந்த நிறத்தை 3 அடியில் நிறுத்துங்கள். சுவரைப் பாதியாக வெட்டினால் அறை குள்ளமாகும். மூன்றில் ஒரு பங்கில் வெட்டினால் மீதிச் சுவர் எழும்பி நிற்கும். மேல்சுவரும் கூரையும் ஒரே வெளிர்நிறமாக இருந்தால் சுவர் எங்கே முடிகிறது என்பதே மங்கிவிடும்.

கடைசியாகப் படங்கள். தாழ்வாரத்தில் கதவுக்கு மேலே படங்களை முன்சாய்த்து மாட்டியதில் பொருள் இருந்தது. தரையில் பாயில் உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்க்க, கண்ணாடியில் முற்றத்து வெளிச்சம் பட்டுக் கூசாமல் இருக்க, அந்தச் சாய்வு உதவியது. நாம் சாய்வை விட்டுவிட்டோம், உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில், அதாவது நாலேமுக்கால் அடியில் இருக்கும்படி மாட்டுவது பரவலான வழக்கம். மறைந்தவர்களின் படத்தைக் கீழே இறக்குவது மரியாதை ஆகாது என்று அம்மா முதலில் தயங்கினார். அகலமான தேக்குப் பலகை ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன் மேல் படங்களை நிற்க வைத்து, பக்கத்தில் சிறு விளக்கும் வைத்தபோது ஒப்புக்கொண்டார். தாத்தா இடக்கையில் கடிகாரத்தை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டியிருந்தார் என்பதை என் மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். அதே படம் லிண்டலுக்கு மேலே வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பலகையோ அலமாரியோ பொருத்தும்போது சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.ஏ.சி. என்னும் இலேசான, நுண்துளைகள் நிறைந்த கான்கிரீட் கற்களால் கட்டிய சுவரில் சாதாரண பிளாஸ்டிக் ஆப்பு கனமான பாரத்தைப் பிடிக்காது. அதற்கென்றே நீளமான ஆணிகள் விற்கிறார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஆணி அடிக்கவே அனுமதி இருக்காது. அவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தணிந்த திவான் ஒன்று, அதன் பக்கத்தில் ஆளுயரச் செடி ஒன்று, தரையில் நிற்கும் விளக்கு ஒன்று, இதுவே மூன்று உயரம். ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தால் எதிர்ச் சுவரின் வெளிச்சம் இரட்டிக்கும், ஆனால் குழந்தைகள் இருந்தால் அடியிலும் மேலேயும் நகராதபடி கட்டிவைக்க வேண்டும்.

சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள், கான்கிரீட் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் நாலு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். கூடத்தில் ஊஞ்சலுக்கான கொக்கிகள், கூரைக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டுவதை நம்பி ஊஞ்சலில் ஆள் உட்காரக் கூடாது. ஒரு ஜன்னலாவது தரையிலிருந்து 18 அங்குலத்தில் தொடங்கட்டும். வாசலை ஒட்டிய ஓர் உள்சுவர் 9 அங்குலமாக இருக்கட்டும், மாடம் அதில் அளவோடு உட்காரும். சுவரில் ஐந்தடி உயரத்தில் இரண்டு மூன்று இடங்களில் விளக்குக்கான மின்இணைப்பு விடட்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால், பூசிய சுவரை உடைத்துத்தான் செய்வார்கள்.